பிக்கப் வண்டிக்கு எத்தனை அங்குல உயரம் வேண்டும்?

வண்டிக்கு முதன்முதலில் வில் பூட்டியவன் எவனோ, அவன் மனித குலத்தின் முதுகெலும்புக்குப் பேருபகாரம் செய்தவன் ஆவான். கட்டை வண்டியிலே சந்தைக்குச் சென்று திரும்பிய எமது முன்னோர், வில்வண்டியில் ஏறியமர்ந்தபோது அடைந்த ஆறுதலைக் கூறவும் வேண்டுமோ? அந்த வில்வண்டியின் அடியில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைத்துக் கட்டப்பட்டிருந்த உருக்குத் தகடுகள் உலகை விட்டு மறைந்துவிடவில்லை. இன்று சுன்னாகம் சந்தைக்கு வாழைக்குலையும் வெங்காயமும் ஏற்றி வரும் பிக்கப் வண்டியின் பின்னச்சைக் குனிந்து நோக்குவோமாயின், அதே தகட்டுவில் அங்கே பாரம் தாங்கி நிற்பதைக் காணலாம்.

இக்காலத்து இளைஞர் சிலருக்கு அந்த வில் தரும் உயரம் போதவில்லை. வண்டியின் உடலைச் சக்கரங்களுக்கு மேல் இன்னும் சில அங்குலம் தூக்கி நிறுத்தும் பொருட்டு, வில், ‘சொக் அப்சோபர்’, இடைக்கட்டை முதலியவற்றைத் தொகுதியாக வாங்கிப் பூட்டுகின்றனர். ‘லிப்ட் கிட்’ என்பது அதன் வணிகப் பெயர். உயர்ந்து நிற்கும் வண்டி பார்வைக்குக் கம்பீரமாக இருப்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கம்பீரத்துக்குக் குடும்பம் பணத்தால் மட்டுமன்றிப் பாதுகாப்பாலும் விலை கொடுக்க நேரிடும். ஆகவே, உயரம் யாருக்குத் தேவை, எவ்வளவு தேவை, எவ்வழியாற் பெறுவது நன்று என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

உயரம் எங்கே தேவை?

யாழ்ப்பாணக் குடாநாடு மலையற்ற சுண்ணக்கல் நிலம். காங்கேசன்துறை வீதியிலும், கண்டி வீதியிலும், எமது ஊர் ஒழுங்கைகளிலும் செல்வதற்கு எந்தப் பிக்கப் வண்டிக்கும் தொழிற்சாலை கொடுத்த உயரமே தாராளமாகப் போதும். எனினும் உயரம் உண்மையில் உதவும் இடங்கள் சில உண்டு. மாரி பிறந்தால் வழுக்கையாற்றுப் பக்கத்து வயல்வெளிகளில் வெள்ளம் பரவும். 2008ஆம் ஆண்டு நவம்பரில் நிஷா புயல் வந்தபோதும், 2024ஆம் ஆண்டு நவம்பரிற் பெருமழை பெய்தபோதும் குடாநாடு பட்ட பாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார். வன்னியின் வயற்பாதைகளில் உழவு இயந்திரங்களின் பெருஞ்சக்கரங்கள் ஆழமான இரு தடங்களைக் கீறி, நடுவிலே மண்மேட்டை விட்டுச் செல்கின்றன. வடமராட்சி கிழக்கிலும் மணற்காட்டுப் பக்கத்திலும் சக்கரம் புதையும் மணல் உண்டு.

இவ்விடங்களில் வண்டிக்கு நேரும் இடையூறுகள் மூன்று. மேட்டில் ஏறும்போது முன் பம்பர் மண்ணில் முட்டுதல் ஒன்று; மேட்டின் உச்சியில் நடு வயிறு தட்டுதல் மற்றொன்று; தடங்களின் நடுவேயுள்ள மண்மேட்டிற் பின்னச்சின் பற்சக்கரக் குடம் இடித்து நிற்றல் மூன்றாவது. வில்லை உயர்த்தினால் முதல் இரண்டும் குறையும். மூன்றாவது குறையுமா என்றால், குறையாது!

இதனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வில் இருப்பது அச்சுக்கும் உடலுக்கும் இடையிலேயாம். வில்லை உயர்த்தினால் உடல் உயரும். அச்சோ சக்கரத்தின் மையத்திலேயே நிற்கும். அச்சை உயர்த்த வல்லது பெரிய ரயர் ஒன்றே. அதுவும் ரயரின் விட்டம் எவ்வளவு கூடுகிறதோ அதிற் பாதியளவே உயர்த்தும். 265/65 என்ற அளவுள்ள 17 அங்குல ரயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். அதனைக் கழற்றி 265/70 அளவுள்ளதைப் பூட்டினால் விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீற்றர் ஆகும். அச்சு உயர்வது 13 மில்லிமீற்றர் மட்டுமே. அதாவது அரை அங்குலம். அத்துடன் வேகமானியும் பிசகும். அது 60 என்று காட்டும்போது வண்டி முன்னையிலும் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு விரைவாக ஓடிக்கொண்டிருக்கும்.

உயரத்துக்குக் கொடுக்கும் விலை

பௌதிகவியல் பயிலும் மாணவர் புவியீர்ப்பு மையத்தைப் பற்றி அறிவர். ஒரு பொருளின் நிறை முழுவதும் திரண்டு நிற்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி அது. அப்புள்ளி தாழ்ந்திருக்கும்வரை பொருள் உறுதியாக நிற்கும்; உயர உயர எளிதிற் சாயும். குந்தியிருக்கும் மனிதனைத் தள்ளி விழுத்துவது கடினம்; நுனிக்காலில் நிற்பவனை ஒரு விரலாற் சாய்த்து விடலாம்.

இதற்கு இலகுவான கணக்கொன்று உண்டு. இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் இடைப்பட்ட அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தின் இரு மடங்கால் வகுத்தல் வேண்டும். வரும் எண் பெரிதானால் வண்டி உறுதியானது. சிறிதானால் கவிழும் தன்மை மிக்கது. அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்புத் திணைக்களம் 2001ஆம் ஆண்டிலிருந்து வண்டிகள் கவிழும் அபாயத்தைத் தரம் பிரிக்க இக்கணக்கையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. உதாரணமாக, சக்கர அகலம் 150 சென்ரிமீற்றர், மையத்தின் உயரம் 70 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். விடை 1.07. மையத்தை 5 சென்ரிமீற்றர் உயர்த்தினால் 1.00. பத்து உயர்த்தினால் 0.94. எண்ணிலே சிறு வேறுபாடுதான். ஆனால் கண்டி வீதியிலே விரைந்து செல்லும்போது மாடொன்று குறுக்கே பாய, சாரதி சுக்கானை வெட்டித் திருப்பும் அந்தக் கணத்தில், அச்சிறு வேறுபாடே சக்கரங்கள் நிலத்தில் நிற்பதா, மேலெழுவதா என்பதைத் தீர்மானிக்கின்றது.

இது வெறுங்கணக்கு அன்று. 2016ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மோட்டார் சஞ்சிகையொன்று, வீதியிற் குறுக்கிடும் காட்டு விலங்கைத் தவிர்ப்பது போலச் சடுதியாகத் திருப்பும் சோதனையை ரொயோட்டா ஹைலக்ஸ் வண்டிக்கு நடத்தியது. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் நிலத்தை விட்டு மேலெழுந்தன. அது தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே இருந்த வண்டி. எவரும் உயர்த்தாத வண்டி. அதன்மேல் நான்கு அங்குலம் உயர்த்தி, பின் தட்டில் மூடைகளை அடுக்கி, அவற்றின் மேல் வயலுக்குச் செல்லும் கூலியாட்களையும் ஏற்றினால் நிலைமை என்னவாகும்? வண்டி சாயுமானால் முதலில் வீதியில் வீசப்படுபவர் இருக்கையில் பட்டியணிந்து இருப்பவர் அல்லர். பின் தட்டில் கையாற் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஏழை மனிதரே.

வில்லின் கணக்கு

வில்லொன்று எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு வளையும் என்பதற்கு விதி வகுத்தவர் ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஹூக். அவர் அதனை 1678ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். பாரம் இரு மடங்கானால் வளைவும் இரு மடங்காகும் என்பதே அதன் சாரம். ஒரு பிக்கப் வண்டியின் பின்வில்கள் இரண்டும் சேர்ந்து, 50 கிலோகிராம் ஏற்றுந்தோறும் ஒரு சென்ரிமீற்றர் தாழ்கின்றன எனக் கொள்வோம். 500 கிலோகிராம் வெங்காயம் ஏற்றினால் வண்டியின் பின்புறம் 10 சென்ரிமீற்றர் தாழும். மேலதிகத் தகடொன்றைச் சேர்த்து, சென்ரிமீற்றருக்கு 75 கிலோகிராம் தாங்குமாறு வில்லைக் கடினமாக்கினால் அதே பாரத்துக்கு ஏழு சென்ரிமீற்றருக்குக் குறைவாகவே தாழும்.

நல்லதுதானே என வாசகர் எண்ணலாம். ஆனால் மூடைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது அந்தக் கடின வில் வளைய மறுக்கும். குழியில் விழுந்த சக்கரம் துள்ளும். துள்ளும் நேரமெல்லாம் ரயருக்கு வீதியிற் பிடி இல்லை. மழை நனைத்த தார் வீதியில் இது பேராபத்து. ஆகவே வில்லைத் தெரிபவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, ‘எத்தனை அங்குலம் உயரும்?’ என்பதன்று, ‘எத்தனை கிலோகிராம் பாரத்துக்காகச் செய்யப்பட்டது?’ என்பதே. நல்ல உற்பத்தியாளர் ஒரே உயரத்துக்கு இரண்டு மூன்று வகை வில்களைச் செய்கின்றனர். வெறும் வண்டிக்கு ஒன்று. இடைத்தரப் பாரத்துக்கு ஒன்று. எந்நேரமும் பெரும்பாரம் சுமக்கும் வண்டிக்கு இன்னொன்று.

வில்லுக்குத் துணையாக இருப்பது ‘சொக் அப்சோபர்’. அதிர்ச்சியை வாங்குவது வில். வாங்கிய பின் ஆடிக்கொண்டே இருக்கும் அந்த வில்லின் ஆட்டத்தை அடக்குவது ‘சொக்’. அதனுள்ளே எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாகப் பிதுங்கிச் செல்லும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகின்றது. வில் கடினமானால் அதனை அடக்கும் ‘சொக்’கும் அதற்கேற்ற வலிமையுடையதாதல் வேண்டும்; உடல் உயர்ந்தால் ‘சொக்’கும் நீளமானதாதல் வேண்டும். புதிய வில்லைப் பூட்டிப் பழைய ‘சொக்’கை விடுதல், அடங்காத காளையை அறுந்த கயிற்றாற் கட்டுவதை ஒக்கும்.

தூக்கும் வழிகள்

வண்டியை உயர்த்தப் பல வழிகள் உள. அவற்றின் குணதோஷங்கள் வருமாறு:

முறுக்குத் தண்டை இறுக்குதல்: 1980களின் நடுப்பகுதியிலிருந்து வந்த பல ஹைலக்ஸ் வண்டிகளிலும், அக்கால வேறு சில பிக்கப்களிலும் முன்சக்கரத்தைத் தாங்குவது நீண்ட முறுக்குத் தண்டு. அதன் ஆணியைத் திருகினால் முன்புறம் உயரும், செலவும் இல்லை. ஆனால் சக்கரம் கீழே தொங்கக்கூடிய தூரம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். குழியைக் கண்டால் சக்கரம் அதற்குள் இறங்காது அந்தரத்தில் நிற்கும். சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுகளும் கூடிய கோணத்தில் வளைந்து விரைவிற் தேயும். சிறிதளவு தளர்ந்ததைச் சரிசெய்ய இது ஏற்றது. பெரிதாக உயர்த்த ஏற்றதன்று.

இடைக்கட்டை வைத்தல்: 2004ஆம் ஆண்டிலிருந்து ஹைலக்ஸ் வண்டிகளின் முன்புறத்திற் சுருள்வில் இடம்பெற்றது. அதன் தலையில் ஒரு வளையத்தை வைத்து உயர்த்துதல் மலிவான வழி. இதிலும் மேற்கூறிய குறைபாடுகளே உள. பின்புறத்தில் அச்சுக்கும் தகட்டுவில்லுக்கும் நடுவே உலோகக் கட்டை வைப்பர். கட்டை உயரமானால், சடுதியாக வேகம் எடுக்கையிலும் பிறேக் பிடிக்கையிலும் அச்சு முறுகி வில்லைப் பாம்பு போல வளைக்கும். முன்னச்சிலும் தகட்டுவில் உள்ள வண்டிகளில், அங்கே கட்டை வைத்தல் ஒருபோதும் கூடாது.

தொங்கு கொளுவியை நீட்டுதல்: தகட்டுவில்லின் ஒரு நுனியைத் தாங்கும் கொளுவியை இரண்டு அங்குலம் நீட்டினால், வண்டி உயர்வது ஓர் அங்குலமே. அச்சின் கோணமும் மாறும். இலாபம் சிறிது, தொல்லை பெரிது.

தகடு சேர்த்தல்: எப்போதும் பாரம் சுமக்கும் வண்டிக்குச் சிக்கனமான வழி. வில்தகடுகள் தளர்ந்து தட்டையாகிப் போயிருந்தால் ஒரு தகடு சேர்ப்பதிலும் அவற்றை மாற்றுதலே மேல்.

உடலை மட்டும் உயர்த்துதல்: அடிச்சட்டத்துக்கும் உடற்கூட்டுக்கும் நடுவே கட்டைகளை வைத்து நீண்ட ஆணிகளால் இறுக்குவது. பெரிய ரயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் அடிச்சட்டம் நின்ற இடத்திலேயே நிற்கும். மேட்டில் வயிறு தட்டுவது இதனாற் குறையாது.

முழுத்தொகுதி மாற்றுதல்: முன்வில், பின்வில், ‘சொக்’ யாவும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்ட தொகுதி. விலை கூடியது, ஆயினும் நெடுங்காலத்துக்கு நம்பத்தக்கது இதுவே. அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுப் புழுதிப் பாதைகளில் நாள் முழுதும் பாரத்துடன் ஓடும் வண்டிகளுக்கென இவ்வகைத் தொகுதிகள் அங்கே வளர்ச்சி பெற்றன. அவற்றுட் பல ஏறத்தாழ இரண்டு அங்குல உயரத்தோடு நின்றுவிடுவதை இளைஞர் கவனித்தல் நன்று.

மறைந்திருக்கும் உறுப்புகள்

உயர்த்திய பின்னர் கவனிக்கவேண்டியவை வண்டியின் அடியில் மறைந்து கிடக்கின்றன. முதலாவது பிறேக். பல பிக்கப் வண்டிகளின் பின்னச்சருகே பாரத்தை உணரும் வால்வு ஒன்று உண்டு. அடிச்சட்டத்துக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி குறைந்தால், பாரம் ஏறியுள்ளது என உணர்ந்து பின் பிறேக்குக்குக் கூடிய அழுத்தம் அனுப்பும். நாம் வண்டியை உயர்த்திவிட்டால் அந்த வால்வு, வண்டி வெறுமையாக உள்ளதென ஏமாந்துபோகும். விளைவாக, மூடைகளுடன் ஓடும்போது பின்சக்கரங்களுக்குப் போதிய பிறேக் கிடையாது. அந்த வால்வின் நெம்புகோலைத் திருத்தி அமைக்காத கராஜில் வண்டியை ஒப்படைத்தல் தகாது.

பிறேக் எண்ணெய்க் குழாய்கள் சக்கரம் முற்றாகத் தொங்கும்போது இழுபடாத நீளம் உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். சக்கரங்களின் சாய்வையும் நேரையும் கருவியால் அளந்து சரிசெய்தல் வேண்டும். இன்றேல் புது ரயர்கள் சில மாதங்களிலே ஒரு பக்கம் தேய்ந்து போகும். முன்விளக்குகளைத் தாழ்த்துவதும் கட்டாயம். உயர்ந்த வண்டியின் விளக்கொளி, இரவில் எதிரே சைக்கிளில் வரும் மாணவனின் கண்ணைக் கூசச் செய்து அவனை வீதியோரத்தில் வீழ்த்தலாகாது.

காற்றின் மகிமை

மணலில் வண்டி புதைவதற்கு உயரக் குறைவே காரணம் என்று கருதுவது தவறு. 2007ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக, ஐஸ்லாந்து நாட்டு நிறுவனமொன்று மாற்றியமைத்த ஹைலக்ஸ் வண்டிகளில் வடகாந்த முனையை நோக்கிப் பயணம் செய்தனர். உறைபனியில் அவற்றைத் தாங்கியது மிக அகன்ற ரயர்களும் அவற்றிலிருந்த குறைந்த காற்றுமேயாம். காற்றைக் குறைத்தால் ரயர் பரந்து, நிறை பரவலாகப் பகிரப்படும். ஒட்டகத்தின் பாதம் மணலிற் பரவுவது போல. மணற்காட்டு மணலிலும் இதே விதிதான். ரயர்க் காற்றைச் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 18 இறாத்தல் அளவுக்குக் குறைத்து மெதுவாகச் சென்றால், உயர்த்தப்படாத வண்டியும் பெரும்பாலும் கடந்துவிடும். தார் வீதிக்கு ஏறுமுன் மீண்டும் காற்றடித்தல் இன்றியமையாதது. காற்றுக் குறைந்த ரயர் வேகத்திற் சூடேறி வெடிக்கும். ஒரு சிறு காற்றுப் பம்பின் விலை, முழுத்தொகுதியின் விலையோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பமே.

ஒரு குடும்பத்தின் தெரிவு

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்க, ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்வோம். சுன்னாகத்தில் வீடும் தோட்டமும். பரந்தன் பக்கத்தில் வயல். கிழமையில் இருமுறை வயலுக்கும், நாள்தோறும் சந்தைக்கும் பிக்கப் ஓடுகின்றது. வெள்ளிக்கிழமைகளில் அப்பாச்சியைக் கோயிலுக்கு ஏற்றிச் செல்வதும் அதுவே. மகன் நான்கு அங்குலம் உயர்த்த விரும்புகின்றான். தந்தை ஓர் அங்குலமும் வேண்டாம் என்கின்றார்.

நடுநிலை நின்று கூறுவோமாயின், இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. மாரிகால வயற்பாதை உண்மையான தேவை. பல ஆண்டு பாரம் சுமந்து தளர்ந்த வில்களும் மாற்றப்படவேண்டியவையே. ஆதலால், வழக்கமாக ஏற்றும் பாரத்தை முதலில் தராசில் நிறுத்து அறிதல் வேண்டும். அந்தப் பாரத்துக்கென அமைந்த பின்வில்லும், அதற்குப் பொருந்தும் முன்வில்லும் ‘சொக்’குகளும் கொண்ட, ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத தொகுதியைத் தெரியலாம். ரயரின் அளவை மாற்றாது, சேற்றிற் பிடிக்கும் பூவுள்ள ரயரைப் பூட்டலாம். அப்பாச்சி ஏறுவதற்கு ஒரு படி பொருத்தலாம். கூலியாட்கள் பின் தட்டில் ஏறிச் செல்லும் வழக்கத்தை விடுத்து, அவர்களைப் பஸ்ஸிலோ இருக்கையிலோ அனுப்புதல் எல்லாவற்றிலும் மேலானது. வயலும் இல்லை, மணலும் இல்லை, வீதியோட்டம் மட்டுமே என்னும் குடும்பம், பழுதடைந்த ‘சொக்’கை மாற்றுவதோடு அமைதல் சாலும்.

பணம் கொடுக்குமுன் இரண்டு வாசல்களைத் தட்டுதல் நன்று. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் எமது நாட்டு வண்டிகளை ஆள்கின்றது. தாம் செய்யக் கருதும் மாற்றம் அதற்கு அமைவானதோ என மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்தல் ஒன்று. காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்து, எழுத்திற் சம்மதம் பெறுதல் மற்றொன்று. அறிவியாது மாற்றிய வண்டி விபத்துக்குள்ளாயின், இழப்பீடு கோரும்போது வழக்காட நேரிடலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி தடைப்பட்டு, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகள் ஓர் உண்மையை எமக்கு நன்கு கற்பித்தன: கையிலுள்ள வண்டியே செல்வம், அதனைக் கெடுத்துக்கொண்டால் மற்றொன்று எளிதிற் கிடையாது. 1990களிற் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது, பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக்காட்டியவர் எமது யாழ்ப்பாணத்துத் திருத்துநர்கள். அவர்களது கைத்திறனில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அன்று அவர்கள் செய்தது தேவையின் பொருட்டு. அத்தேவையை அளந்தே செய்தனர்.

மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவப் பெருந்தகை ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தில் எச்சரித்துள்ளார். பாரத்துக்கு அவர் கூறிய அளவை நாம் உயரத்துக்கும் கொள்ளலாம். இளைஞர்களே, கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுத்து, ஓராண்டில் உங்கள் வண்டி எத்தனை நாள் தார் வீதியை விட்டு இறங்குகின்றது, என்ன பாரத்துடன் இறங்குகின்றது, அதில் யார் யார் ஏறுகின்றனர் என்று எழுதிப் பாருங்கள். எத்தனை அங்குலம் வேண்டும் என்பதற்கு அத்தாளே விடை கூறும்.